எதற்காக இந்த அறைக்கு வந்தேன்?

அரைத்தூக்கம் · இரவு 9.04

ஐந்து நிமிடமாக ஒரு அறையின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன். எதையோ எடுக்கத்தான் வந்தேன், எதை என்பதுதான் போய்விட்டது. வரும்போது நல்ல வேகம் இருந்தது, அவசரக் காரியம் என்ற நினைப்புகூட இருந்தது, வாசற்படியைத் தாண்டியதும் யாரோ சிலேட்டைத் துடைத்த மாதிரி சுத்தமாகிவிட்டது. நான் அலமாரியைப் பார்க்கிறேன், அலமாரி என்னைப் பார்க்கிறது. வேறு வழி தெரியாமல் ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அதற்காகவே வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டில் ஆளே இல்லை. யாருக்காக அந்த நடிப்பு?

சரி, நின்ற இடத்திலிருந்தே எழுதிவிடலாம் என்று போனைத் திறந்தேன். உங்களுக்கு நடக்கும் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கூத்துகளைச் சொல்லுங்கள். தத்துவமெல்லாம் வேண்டாம். வெளியே சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு அற்பமாக இருந்தால் ரொம்ப நல்லது. போனில் 14 சதவீதம்தான் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள்.

மூக்குக்கண்ணாடி · இரவு 9.08

கை கொடுங்கள். போன வாரம் நான் போனைத் தேடிக்கொண்டிருந்தேன். கைப்பை, தலையணைக்கு அடி, குளியலறை, ஒன்று விடவில்லை. தேடும்போதே தோழியோடு பேசிக்கொண்டும் இருந்தேன். "ஒரு நிமிஷம் இருடி, போனைக் காணோம், தேடிக்கிட்டே பேசுறேன்" என்றேன். அவளும் பதறிப்போய் "கடைசியா எங்கே வெச்சே? கட்டிலுக்கு அடியில பார்த்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன். இருட்டாக இருந்ததால் காதிலிருந்து போனை எடுத்து டார்ச் போட்டுப் பார்த்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள், இங்கே வெண்ணெயே கூட வந்து வெளிச்சம் காட்டியது.

என்னை விடுங்கள், நான் மறதிக்காரி. அந்தப் பக்கம் பேசியவளுக்கு என்ன வந்தது என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

பழைய_ரேடியோ · இரவு 9.15

அரைத்தூக்கம் தம்பி, இதற்கெல்லாம் கவலைப்படலாமா? கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போய் நில்லுங்கள். எந்த வேலையை விட்டு எழுந்தீர்களோ அதைப் பார்த்ததும் வந்த காரியம் தானாக ஞாபகம் வரும். நான் பணி ஓய்வு பெற்றவன், ஒரு நாளைக்கு இந்த மாதிரி ஏழெட்டு நடை நடக்கிறேன். டாக்டர் நடக்கச் சொன்னதும் அதிலேயே கழிந்துவிடுகிறது.

கணக்குப்புலி · இரவு 9.21

ஐயா சொல்வதற்குக் குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் இதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் கேப்ரியல் ராட்வான்ஸ்கி 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு மேஜையில் இருக்கும் பொருளை எடுத்து இன்னொரு மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும், சில தடவை ஒரே அறைக்குள், சில தடவை கதவைத் தாண்டி. நடக்கும் தூரம் ஒன்றுதான். கதவைத் தாண்டும்போதுதான் தாங்கள் சுமந்த பொருள் எது என்பதில் அதிகம் தடுமாறினார்கள். மூளை ஒரு அறையை ஒரு அத்தியாயமாக எடுத்துக்கொண்டு, வாசற்படி வந்ததும் பழைய அத்தியாயத்தை மூடிவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கிளம்பிய அறைக்கே திரும்பி வரச் செய்தும் பார்த்தார்கள். பலன் இல்லை. திரும்பி வருவதற்கும் கதவைத் தாண்டத்தானே வேண்டும்?

பழைய_ரேடியோ · இரவு 9.24

எனக்கு நாற்பது வருடமாகப் பலன் இருக்கிறதே. பேராசிரியர் வீட்டுக் கதவு எப்படியோ.

நடுநிசி · இரவு 9.27

பஞ்சாயத்து முடியவில்லை, கேளுங்கள். இதையே 2021-ல் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தில் மறுபடி சோதித்தபோது கதவு மட்டும் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நடக்கும்போதே மனதுக்குள் இன்னொரு கணக்கையும் போடச் சொல்லித் தலையை நிரப்பியபோதுதான் தடுமாற்றம் வந்தது. ஆக, கதவு பாவம். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற சமாசாரங்கள்தான் குற்றவாளி. அரைத்தூக்கம், உண்மையைச் சொல்லுங்கள், அந்த அறைக்குள் வரும்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?

அரைத்தூக்கம் · இரவு 9.31

காலையில் ஒருவர் என்னைக் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அப்போதுதான் கிடைத்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று, கையை ஆட்டி, புருவத்தை உயர்த்தி, முழு வாக்குவாதத்தையும் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் வாயடைத்துப் போகும் கட்டத்தில் வாசற்படி வந்துவிட்டது.

ஐயா சொன்னபடி திரும்பிப் போயும் பார்த்தேன். அங்கே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தாகமே இல்லை. 11 சதவீதம்.

சும்மா_வந்தேன் · இரவு 9.38

ஆளில்லாத அறையில் திரையைச் சரிசெய்தீர்கள் பாருங்கள், அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. நான் அதே நாடகத்தைத் தெருவில் போடுகிறவன். நடந்துகொண்டிருப்பேன், தப்பான திசையில் போகிறோம் என்று பாதியில் உறைக்கும். திரும்ப வேண்டியதுதானே? முடியாது. காரணமே இல்லாமல் ஒரு ஆள் நடுரோட்டில் அப்படியே திரும்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் முதலில் நடையைத் தளர்த்துவேன். போனை எடுப்பேன். ஏதோ முக்கியமான செய்தி வந்தது போல் புருவத்தைச் சுருக்குவேன், திரையில் இருப்பது பெரும்பாலும் மணி மட்டும்தான். "ஓஹோ, அப்படியா" என்று தலையை ஆட்டிவிட்டு, அந்த இல்லாத செய்தியின் கட்டளைக்குப் பணிந்து, வேறு வழியே இல்லாதவனாகத் திரும்புவேன்.

ஒருமுறை எதிரே வந்த ஒருவர் அதே நேரத்தில் அதே மாதிரி போனை எடுத்து அதே மாதிரி புருவத்தைச் சுருக்கினார். ஒரு நொடி கண்ணும் கண்ணும் சந்தித்தன. ஒரே வீட்டுக்குள் திருட வந்த இரண்டு பேர் இருட்டில் பார்த்துக்கொண்ட மாதிரி, ஒன்றும் பேசாமல் அவரவர் வந்த வழியே போய்விட்டோம்.

பக்கத்துசீட்டு · இரவு 9.42

நேற்று தூரத்தில் ஒருவர் கையசைத்தார், நானும் பலமாக அசைத்தேன். அவர் அசைத்தது எனக்குப் பின்னால் நின்றவருக்கு. உயர்த்திய கையை இப்போது எங்கே வைப்பது? தலையைக் கோதிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த பழைய தந்திரம் என்பதால், நான் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் வெயிலை மறைப்பது போல் அண்ணாந்து பார்த்தேன். மணி இரவு ஏழு.

கணக்குப்புலி · இரவு 9.49

இரண்டு பேருக்கும் ஒரு ஆறுதல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு, போட்டுக்கொண்டு போகவே கூச்சப்படும் ஒரு டிஷர்ட்டை மாட்டிவிட்டார்கள், நெஞ்சில் பாரி மனிலோ என்ற பாடகரின் பெரிய முகம். மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அவரை அனுப்பி, உன் டிஷர்ட்டில் இருப்பது யார் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் மாட்டிக்கொண்டவர்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்கூட இல்லை. அவரவருக்கு அவரவர் புருவம்.

மூக்குக்கண்ணாடி · இரவு 9.52

அப்படியென்றால் நான் நன்றாக உடுத்திக்கொண்டு போன நாட்களிலும் யாரும் பார்க்கவில்லையா? இது ஆறுதல் மாதிரித் தெரியவில்லையே புலி.

நடுநிசி · இரவு 10.01

எனக்குக் கடிகாரம். முள் ஓடும் கடிகாரத்தை எதேச்சையாகத் திரும்பிப் பாருங்கள், நொடி முள் ஒரு கணம் அப்படியே நிற்கும். ஐயோ நின்றுவிட்டதே என்று நினைக்கும்போது டக்கென்று நகரும். அப்புறம் ஒழுங்காக ஓடும். சின்ன வயதில், நான் பார்க்காதபோது கடிகாரம் சும்மா இருக்கிறது, பார்த்தால்தான் வேலை செய்கிறது என்று திடமாக நம்பினேன். அலுவலகத்தில் சேர்ந்த பிறகு அது கடிகாரத்துக்கு மட்டும் உள்ள குணம் இல்லை என்று தெரிந்தது, அது வேறு கதை.

இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், க்ரோனோஸ்டாசிஸ். 2001-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழிலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது நடுவில் தெரிவதெல்லாம் கலங்கிய படம். மூளை அதைக் காட்டாமல் விழுங்கிவிடுகிறது. அப்போது நேரத்தில் ஒரு ஓட்டை விழுமே? அதை அடைக்க, கண் போய்ச் சேர்ந்ததும் பார்த்த முதல் காட்சியையே பின்னால் இழுத்து ஒட்டுகிறது. தாமதமாக வந்துவிட்டு வருகைப் பதிவேட்டில் முன்கூட்டிய நேரம் போடுகிறவர்கள் இல்லையா, அதே வேலைதான். அதனால் முதல் நொடி மட்டும் நீண்டு தெரிகிறது.

இதைப் படித்த எல்லோரும் இப்போது சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும்.

பழைய_ரேடியோ · இரவு 10.06

நானும் பார்த்தேன். நிஜமாகவே நின்றிருக்கிறது. செல் போய்விட்டது.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. கையைத் திருப்பி மணி பார்த்துவிட்டு அப்போதுதான் இறக்கிய ஆளிடம் போய் "மணி என்ன?" என்று கேளுங்கள். மறுபடி பார்த்துத்தான் சொல்வார். அப்படியானால் முதல் தடவை எதைப் பார்த்தார்? நான் இதை எத்தனையோ பேரிடம் சோதித்திருக்கிறேன், ஒருவரும் தேறவில்லை. காரில் வழி தெரியாமல் விழிக்கும்போது ரேடியோ சத்தத்தைக் குறைக்கிறோமே, அதையும் இந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்துசீட்டு · இரவு 10.10

லிப்ட்! ஏற்கெனவே பொத்தானை அழுத்தி விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். பின்னால் வருகிறவர் அதே பொத்தானை இன்னொரு தடவை அழுத்துவார். நான் அழுத்தியது போதாதாம், என் விரலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். மூன்றாவதாக ஒருவர் வந்து அழுத்தும்போது மட்டும், இரண்டாமவர் முகத்தைப் பார்க்க ஆனந்தமாக இருக்கும்.

இன்னொன்று, நான் வேலை செய்வது இரண்டாவது மாடி. மேலே போக நிற்கும்போது எப்போதும் கீழே போகும் லிப்ட்தான் முதலில் வருகிறது. எப்போதும்.

கணக்குப்புலி · இரவு 10.17

எப்போதும் இல்லை, ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவுக்கு இதே வயிற்றெரிச்சல் இருந்தது. ஏழு மாடிக் கட்டடத்தில் அவர் அறை இரண்டாவது மாடியில், நண்பர் மார்வின் ஸ்டெர்ன் அறை ஆறாவது மாடியில். நண்பரைப் பார்க்க மேலே போக நின்றால் காமோவுக்கு முதலில் வருவது கீழே போகும் லிப்ட். ஆறாவது மாடிக்காரர் கீழே வர நின்றாலோ, வருவது மேலே போகும் லிப்ட். காமோ நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், மேலே ஏதோ தொழிற்சாலையில் லிப்ட் செய்து கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறார்களா என்றுதான் தோன்றும்.

விஷயம் சுலபம். தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணும் அந்த ஏழு மாடிக் கட்டடத்தில், நீங்கள் இரண்டாவது மாடியில் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு மாடி இடைவெளி, மேலே ஐந்து. லிப்ட் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை உங்களுக்கு மேலேதான் கழிக்கிறது. மேலே இருப்பது உங்களிடம் வரும்போது இறங்கித்தானே வர வேண்டும்? ஒரே ஒரு லிப்ட் இடைவிடாமல் ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், ஆறில் ஐந்து தடவை இறங்குவதுதான் முதலில் வரும்.

பக்கத்துசீட்டு · இரவு 10.19

சரி. பொத்தானை இரண்டாவது தடவை அழுத்துகிறவர்களுக்கும் இப்படி ஏதாவது நியாயம் சொல்லி விடுதலை வாங்கித் தந்துவிடாதீர்கள்.

சும்மா_வந்தேன் · இரவு 10.22

வரிசைக்கும் ஒன்று சொல்லுங்கள். நான் நிற்கும் வரிசைதான் நகராது. பக்கத்து வரிசைக்கு மாறினால், நான் விட்டு வந்த வரிசை என்னைப் பிடித்த பீடை தொலைந்தது என்று ஓடும்.

கணக்குப்புலி · இரவு 10.28

மூன்று வரிசை இருந்தால் உங்களுடையது எல்லாவற்றையும்விட வேகமாக நகர மூன்றில் ஒரு வாய்ப்புதான். மூன்றில் இரண்டு தடவை பக்கத்தில் யாரோ முந்திப் போகத்தான் செய்வார். உங்கள் ராசி அல்ல, எல்லோர் ராசியும் அதுதான்.

சாலையில் இது இன்னும் வேடிக்கை. ரெடெல்மையர், டிப்ஷிரானி என்று இரண்டு பேர் 1999-ல் நேச்சரில் எழுதினார்கள். நெரிசலில் இரண்டு தடமும் சராசரியாக ஒரே வேகத்தில் போனாலும் பக்கத்துத் தடம்தான் வேகமாகத் தெரியும். காரணம், நீங்கள் முந்தும்போது பக்கத்து வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும், பத்து வண்டியைச் சில நொடியில் தாண்டிவிடுவீர்கள். அவர்கள் உங்களை முந்தும்போது இடைவெளி விட்டு ஒன்றொன்றாக, ஆற அமரப் போவார்கள். எண்ணிக்கை சமம்தான், ஆனால் முந்தப்படும் நேரம் நீளம். போதாக்குறைக்கு, நீங்கள் முந்திய வண்டி பின்னால் போய் மறைந்துவிடும், உங்களை முந்தியது கண்ணெதிரிலேயே நின்று வெறுப்பேற்றும்.

ஒற்றை_சாக்ஸ் · இரவு 10.34

ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்று பொறுக்க முடியவில்லை. என் பெயரைப் பார்த்தாலே பிரச்சினை புரியும். தொலைகிற சாக்ஸ் ஏன் எப்போதும் ஜோடியில் ஒன்றாகவே தொலைகிறது? இரண்டும் சேர்ந்து தொலைந்தால் நான் அழமாட்டேன், மறந்தே போவேன். ஒன்று மட்டும் போய், மிச்சம் ஒன்று டிராயரில் உட்கார்ந்து என்னை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வராது, அதன் ஜோடி வந்துவிட்டால் என்ன செய்வது? ஒருமுறை துணிந்து ஒன்றைத் தூக்கிப் போட்டேன். நான்காம் நாள் மற்றது கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்தது. வேண்டுமென்றே காத்திருந்து வந்தது.

கணக்குப்புலி · இரவு 10.47

பேப்பர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

உங்களிடம் 10 ஜோடி, அதாவது 20 சாக்ஸ், எல்லாம் வேறு வேறு வகை. முதலில் ஒன்று தொலைகிறது. ஒரு ஜோடி உடைந்தது. இரண்டாவது தொலையும்போது மிச்சம் 19. அதில் ஏற்கெனவே ஒற்றையாக இருப்பது ஒன்றே ஒன்று. அதுவே தொலைந்தால் நிம்மதி, ஆனால் அதற்கு வாய்ப்பு 19-ல் ஒன்று. மற்ற 18 தடவையும் இன்னொரு நல்ல ஜோடிதான் உடையும். சாக்ஸுக்கு மூளையே தேவையில்லை, இந்தச் சதி தானாக நடக்கிறது.

இப்படி 6 தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-லிருந்து 6 தொலைய மொத்தம் 38,760 வழிகள். மூன்று ஜோடிகள் முழுசாகத் தொலைந்து 7 ஜோடி ஒழுங்காக மிஞ்சுவது 120 வழிகளில் மட்டும். ஆறும் ஆறு ஜோடிகளை உடைத்து, 4 ஜோடியும் 6 ஒற்றையும் மிஞ்சும் படுமோசமான முடிவு 13,440 வழிகளில். 112 மடங்கு. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன், முதல் தடவை எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சும்மா_வந்தேன் · இரவு 10.51

எல்லாவற்றையும் ஒரே நிறத்தில், ஒரே வகையில் வாங்கினால் தீர்ந்தது. இதற்குப் போய் 38,760 வழியா?

ஒற்றை_சாக்ஸ் · இரவு 10.55

செய்தேனே. அத்தனையும் கறுப்பு, அத்தனையும் ஒன்று போல. ஆறு மாதத்தில் ஒன்று சாம்பல், ஒன்று கரும்பச்சை, ஒன்று மட்டும் ஏனோ கணுக்காலில் நிற்காமல் செருப்புக்குள் இறங்கிவிடுகிறது. இப்போது நிறத்தைப் பார்த்துச் சேர்ப்பதில்லை, எலாஸ்டிக் தளர்ச்சியைப் பார்த்துச் சேர்க்கிறேன்.

அரைத்தூக்கம் · இரவு 11.02

சிரித்துச் சிரித்து நின்றே கால் வலிக்கிறது, இன்னும் அதே அறையில்தான் இருக்கிறேன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். போன் 3 சதவீதம் என்று சிவப்பில் கெஞ்சுகிறது. இருக்கட்டும். இயர்போன் வயரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? ஒழுங்காகச் சுருட்டிப் பைக்குள் வைக்கிறேன். எடுக்கும்போது மீன்வலை. உள்ளே யார் உட்கார்ந்து பின்னுகிறார்கள்?

நடுநிசி · இரவு 11.09

யாரும் பின்ன வேண்டாம், குலுங்கினால் போதும். சான் டியகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு உருட்டினார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை. 2007-ல் வெளியிட்டார்கள், அடுத்த வருடம், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசும் கிடைத்தது. 46 சென்டிமீட்டருக்குக் குறைவான நூலில் முடிச்சே விழவில்லை. அதைத் தாண்டி நீளம் கூடக் கூட வாய்ப்பு விறுவிறுவென்று ஏறி, பாதிக்குப் பாதி தடவை முடிச்சு. அதுவும் சில நொடிகளில். 120 வகை முடிச்சுகளை அடையாளம் கண்டார்கள். நான் ஷூ லேஸில் ஒரே ஒரு முடிச்சு போடக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆனது என்று நினைத்துப் பார்க்கிறேன். அதுவும் நடுத்தெருவில் தானாக அவிழ்கிறது. முடிச்சு வேண்டாத இடத்தில் 120 வகை, வேண்டிய இடத்தில் ஒன்றும் நிற்பதில்லை.

பழைய_ரேடியோ · இரவு 11.14

கடைசியில் என்ன எடுக்க வந்தீர்கள் தம்பி? ஞாபகம் வந்ததா?

பழைய_ரேடியோ · இரவு 11.26

தம்பி?

மூக்குக்கண்ணாடி · இரவு 11.31

ஐயா, எல்லோரும் ஒரு நிமிடம் இருங்கள். முதல் பதிவை மறுபடி படித்தேன். 14 சதவீதத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார். அப்புறம் 11. அப்புறம் 3. ஒரு மனிதர் கையில் 14 சதவீதத்தோடு, அவசரக் காரியமாக ஒரு அறைக்குள் ஓடி வருகிறார் என்றால் எதை எடுக்க வந்திருப்பார்?

பக்கத்துசீட்டு · இரவு 11.33

ஐயையோ.

சும்மா_வந்தேன் · இரவு 11.34

இரண்டு மணி நேரமாக இத்தனை பேர் படித்தோம், கதவையும் கண்ணையும் நூலையும் ஆராய்ந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். புலி, இதற்கு ஏதாவது வீதம் உண்டா?

கணக்குப்புலி · இரவு 11.36

நான் சாக்ஸில் இருந்தேன்.

இழைக்காவலர் · இரவு 11.58

இழையைத் திறந்தே வைக்கிறேன். ஆள் வந்ததும் சொல்லட்டும். சாக்ஸ் தொடர்பாகத் தனிமடலில் எனக்குக் கணக்கு அனுப்புவதை நிறுத்தவும்.

அரைத்தூக்கம் · காலை 7.20

சார்ஜர்தான். அதை எடுக்கத்தான் வந்தேன்.

போன் அணைந்து அறை இருட்டான மறுநொடியே ஞாபகம் வந்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, நான் இரண்டு மணி நேரம் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்த அதே அலமாரி. வயர் நடுநிசி சொன்னபடி முடிச்சு விழுந்திருந்தது, 120-ல் அது எது என்று தெரியாது, பிரிக்கவே பத்து நிமிடம். அப்புறம் அந்த நீள்சதுரமான பக்கத்தை அடாப்டரில் செருகினேன், போகவில்லை. திருப்பிச் செருகினேன், போகவில்லை. மறுபடி முதலில் வைத்த மாதிரியே வைத்தேன், போனது.

நடுநிசி · காலை 7.34

அந்த யூஎஸ்பியை உருவாக்கிய இண்டெல் குழுவுக்குத் தலைமை தாங்கிய அஜய் பட்டிடம் 2019-ல் ஒரு பேட்டியில் இதைக் கேட்டே விட்டார்கள். எப்படிச் செருகினாலும் போகும்படி செய்திருக்கலாம், ஆனால் வயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி விலையும் இரட்டிப்பாகியிருக்கும் என்றார். எரிச்சல்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டே பக்கம் உள்ள ஒன்றை நாம் ஏன் மூன்று தடவை முயற்சி செய்கிறோம் என்பதற்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய_ரேடியோ · காலை 7.41

அதெல்லாம் இருக்கட்டும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போனால் ஞாபகம் வரும் என்றேன், வராது என்று புலி சொன்னார். அதற்கு முடிவு தெரிய வேண்டும். சார்ஜரை எடுத்துக்கொண்டு நேராகக் கிளம்பிய அறைக்குத்தானே போனீர்கள்? அங்கே போனதும் ஏதாவது ஞாபகம் வந்ததா, இல்லையா?

அரைத்தூக்கம் · காலை 7.46

வந்தது ஐயா. போனை அந்த நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.